பாதையில் கிடந்த விறாந்தை

எங்கள் ஊரில் ஒரு காலத்தில் காற்றுக்கு விலை ஒரு பொச்சுமட்டை. தேங்காய் உரித்தபின் குப்பைக்குப் போகிற மட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் சைக்கிள் கடை வாசலில் போட்டால், சைக்கிளின் இரண்டு சில்லுக்கும் காற்று அடித்துக்கொண்டு போகலாம். மட்டை இல்லாமல் வந்தால் காசு. காசு கொடுத்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. மறந்து வந்தவர்கள்கூடப் பக்கத்துத் தென்னை வளவுக்குள் புகுந்து ஒன்றைப் பொறுக்கிக்கொண்டுதான் வருவார்கள். வளவுக்காரி ஏசுவது என்னை.

சேர்ந்த மட்டை எல்லாம் பாதைக்குப் போகும். மாங்கேணிக்குக் கிட்ட, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. வாவியை நாங்கள் ஆறு என்போம். பெரிய வீதிக்கு ஏறுவதற்கு ஆற்றோரமாகக் கண்டல் மரங்களுக்குள்ளால் போகிற ஒரு சைக்கிள் பாதைதான் குறுக்குவழி. முழுக்க மணல். மீன் பெட்டி கட்டிய சைக்கிள் என்றால் சில்லு பாதி புதையும். மணல் இளகிய இடங்களில் மட்டையைக் குப்புறப் பரப்பி, மேலே ஆற்றுச் சேற்றைப் பூசிக் காயவிட்டால் சில்லு சறுக்கிக்கொண்டு ஓடும். ஒரு மாரிக்கு அது தாங்கும். மறு வருடம் மட்டை உக்கிப்போக, திரும்பவும் காற்று, திரும்பவும் மட்டை. அரசாங்கத்தையும் கேட்டதில்லை, கோயிலையும் கேட்டதில்லை. சைக்கிள் ஓடுகிறவன் பாதைக்குக் கொடுக்கட்டும் என்பது என் கணக்கு. அதை நான் கொஞ்சம் கடுமையாகவே நடத்தினேன்.

"பாதை நல்லாக் கிடந்தா உனக்கு என்னடா பிழைப்பு? நீயே போய் ஆணியப் போட்டுட்டு வாறியோ?" என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. அதை முதலில் கேட்டவர் என் அத்தான். அக்காவின் புருஷன்.

அத்தான் மீன் வியாபாரி. விடிய விடியக் கரையில் மீன் எடுத்து, பெட்டியில் கட்டி, அந்தப் பாதையால் ஏறி வாழைச்சேனைப் பக்கம் போய் விற்றுவிட்டு மத்தியானம் வருவார். அவர் சைக்கிளுக்கு நான் எத்தனை தரம் பிரேக் கட்டை மாற்றியிருப்பேன். ஒரு நாளும் பிடித்ததில்லை. செருப்புக் காலை முன் டயரில் வைத்துத் தேய்த்து நிற்பாட்டுகிற மனிதர். செருப்பு தேயுமே தவிர சைக்கிள் நிற்காது.

அவர்கள் கல்வீடு கட்டி, கடைசி வேலையாக வாசலுக்கு முன்னால் விறாந்தைக்குச் சீமெந்து போட்ட அன்று நானும் அங்கே நின்றேன். மேசன் தரையைக் கண்ணாடி மாதிரித் தேய்த்துவிட்டுக் கரண்டி கழுவக் கிணற்றடிக்குப் போனார். அத்தான் வெறும் மீன் பெட்டியோடு வேலிப் படலைக்குள்ளால் சைக்கிளில் இறங்கினார். "நில்லுங்க, நில்லுங்க" என்று அக்கா கத்தியது எனக்கு இப்போதும் காதில் நிற்கிறது. செருப்புக் கால் டயரில் போனது. சைக்கிள் விறாந்தையின் ஒரு மூலையால் ஏறி, ஈரச் சீமெந்தில் ஒரு தடம் இழுத்துக்கொண்டு வீட்டு வாசற்படியில் முட்டி நின்றது. மேசன் மட்டம் பண்ண வந்தபோது அக்கா விடவில்லை. "ஒண்டும் செய்யாதீங்க. அப்படியே கிடக்கட்டும். வாற போற ஆக்களெல்லாம் இவர்ட வண்டவாளத்தப் பாக்கட்டும்" என்றாள். அத்தானோடு பல நாள் பேசவும் இல்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தத் தடத்தைக் காட்டிக் கதை சொல்வாள். சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வரும்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த காலையில் அக்கா வாழைச்சேனையில் சுகமில்லாத சின்னம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். நான் பெரிய வீதிக் கடையொன்றில் டியூப் வாங்கிக்கொண்டு நின்றேன். அத்தான் வீட்டில் இருந்தார். திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் கிணறு மட்டும் நின்றது, அதுவும் சரிந்துபோய். அத்தானை ஆஸ்பத்திரியில் தேடினோம், பள்ளிக்கூடங்களில் தேடினோம், கண்டலுக்குள் தோணி விட்டுத் தேடினோம். அவர் உடுத்த சாரம் ஒன்று கிடைத்திருந்தாலும் போதும், அதை வைத்தாவது ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். ஒன்றும் கிடைக்கவில்லை. உடல் கிடைத்தவர்கள் வாசலில் பந்தல் போட்டு ஒப்பாரி வைத்தார்கள். அக்காவுக்குப் பந்தல் போட ஆள் இல்லை, உடல் இல்லை, வீடும் இல்லை. அவள் அழவில்லை. முப்பத்தொன்றாம் நாள் காரியம் செய்வோம் என்று கேட்ட சொந்தக்காரரைத் திருப்பி அனுப்பினாள். "ஆள் எங்க எண்டு தெரியாம என்னத்தச் செய்யிற?" என்றாள்.

பிறகு சைக்கிள்கள் வந்தன. நிவாரணம் கொடுத்தவர்கள் ஊரில் மிஞ்சிய குடும்பத்துக்கு ஒன்று என்று லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். எல்லாம் ஒரே கருநீலம், ஒரே மணி. எது யாருடையது என்று தெரியாமல் ஹாண்டிலில் துணிக்கிழிசல் கட்டி வைத்தார்கள். வாழ்நாளில் சைக்கிளே தொடாத பெண்கள் சீலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடப் பழகினார்கள். அக்காவுக்கு நான்தான் பின்னால் பிடித்துப் பழக்கினேன். விழுந்தால் எழும்பி என்னை ஏசுவாள். அந்த ஏச்சுக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

முன்பு பெரும்பாலும் மீன்காரர் மட்டும் ஓடிய பாதையில் இப்போது ஊரே ஓடியது. பாதை ஒரு மாதத்தில் உழுத வயலாகிவிட்டது. மட்டைக்கும் வழியில்லை. தோட்டங்களில் தேங்காய் பறிக்க ஆள் இல்லை, பறித்தாலும் உரிக்க மனம் இல்லை. அதே நாட்களில் இடிந்த வீடுகளை அகற்ற நிவாரணக்காரர் நாட்கூலி கொடுத்தார்கள். எங்கள் வீடுகளை நாங்களே கூலிக்கு அள்ளினோம். அள்ளியதை எங்கே கொட்டுவது? ஆற்றில் கொட்டினால் வலை கிழியும் என்று தோணிக்காரர் மறித்தார்கள். பாதையில் கொட்டினால் பாதையும் இறுகும், இடமும் வெளிக்கும் என்று ஒரு குரல் வந்தது. யார் அதை முதலில் சொன்னது என்று இன்று ஒருவருக்கும் நினைவில்லை. நினைவிருந்தாலும் சொல்லமாட்டார்கள்.

அப்படித்தான் எங்கள் வீடுகளைப் பாதையாகப் பரப்பினோம். செங்கல், ஓடு, தரைத் துண்டு, வாசற்படி எல்லாம் போட்டு மேலே சேறு பூசினோம். கல்லுப்போல இறுகியது. இவ்வளவு நல்ல பாதை எங்கள் ஊருக்கு என்றைக்கும் இருந்ததில்லை. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

மாரி வந்து சேற்றைக் கழுவியபிறகுதான் நாங்கள் செய்த வேலை எங்களுக்கே தெரிந்தது. ஓடிக்கொண்டு போகும்போது சில்லுக்குக் கீழே ஒரு பச்சைச் சுவர்த் துண்டு வரும். இது இன்னாருடைய சாமியறை என்று மனம் சொல்லிவிடும். கொஞ்சம் தள்ளிப் பூப்போட்ட தரைக்கல். அந்த வீட்டில் அஞ்சு பேர் போனார்கள். யாரும் யாரோடும் பேசாமல் ஓடினார்கள். பாதைக்குள் மணி அடிப்பதை விட்டுவிட்டார்கள். யாரும் சொல்லிவைத்து விடவில்லை, தானாக நின்றுபோனது.

அதற்குப் பிறகு என் கடைக்குச் சைக்கிள்கள் ஒரு புது விதமான நோயோடு வரத் தொடங்கின. "தம்பி, பின் சில்லு பாரமாக் கிடக்கு. என்னெண்டு ஒருக்காப் பாருங்க" என்பார்கள். கழற்றிப் பார்ப்பேன். சில்லுக்குள் உருளும் குண்டு புதுசு, கிறீஸ் புதுசு, சங்கிலி சுத்தம். கையால் சுற்றிவிட்டால் சில்லு நிற்காமல் சுற்றும். "ஒண்டும் இல்லையே" என்றால் குரலைத் தாழ்த்துவார்கள். "கண்டலுக்குள்ள போகக்க கரியர்ல ஆரோ ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு. வெளிய வந்தா இறங்கிருது." நான் சிரித்து அனுப்பினேன். ஈர மணலில் எந்தச் சில்லும் பாரம்தான் என்று விளக்கம் சொன்னேன். ஒரு பின்னேரம் எனக்கும் பாரமானது. பின்னால் கிறுகிப் பார்க்கப் பயமாக இருந்தது. பயத்தைவிட, பார்த்தால் இறங்கிப் போய்விடுவார்களோ என்ற எண்ணம் பெரிதாக இருந்தது. மிதித்துக்கொண்டே வந்தேன்.

அக்கா தன் விறாந்தைத் துண்டைக் கண்டது அந்த மாரியில்தான். பாதையின் நடுப்பகுதியில், ஆற்றுப் பக்கம் கொஞ்சம் சரிந்தபடி, ஒரு பாய் அகலத்துக்கு ஒரு சீமெந்துத் தட்டு. அதன் குறுக்கே அத்தானின் தடம். எனக்குப் பின்னால் ஓடிவந்தவள் சத்தமில்லாமல் இறங்கி நின்றுவிட்டாள். நான் திரும்பிப் போய்ப் பார்த்தபோது கையால் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பார் தம்பி" என்றாள். "இஞ்ச கிடக்கார்."

அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவாள். காலையில் ஒரு ஈர்க்குமாறோடு வந்து தட்டைக் கூட்டிவிட்டுப் போவாள். எங்கள் அக்காவுக்கு உலகத்தில் அவரைப் பார்க்க இருந்த ஒரே இடம் அதுதான். ஊருக்கு அது விளங்கியது. எல்லோரும் தட்டில் ஏறாமல் ஓரத்தால் ஓடினார்கள்.

ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்பவும் வந்து செல் குண்டுகள் விழத் தொடங்கியபோது ஊரோடு எழும்பி ஓடினோம். கதிரவெளிப் பக்கமிருந்து வந்தவர்களும் நாங்களுமாக முகாம்களில் கிடந்தோம். கூடாரத்துக்குள் இருந்து அக்கா கேட்டது ஒன்றே: "பாதையில செல் விழுந்திருக்குமோ?" வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரும்பி வந்த நாள் அவள் முதலில் போனது அங்கேதான். புல் மூடியிருந்தது. தட்டு இருந்தது.

பிறகு எல்லாச் சண்டையும் முடிந்தது. வீதிகள் திறந்தன. பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல்கள் எழும்பின. ஒரு நாள் தலையில் சட்டி கவிழ்த்த ஏழெட்டு வெள்ளைக்காரர்கள் முள்ளு முள்ளாக டயர் வைத்த கியர் சைக்கிள்களில் எங்கள் கண்டலுக்குள்ளால் வந்து என் கடையடியில் நின்றார்கள். மலையில் ஓடுகிற சைக்கிளாம். "இஞ்ச மலைக்கு எங்க போற?" என்று கேட்டேன். கூட்டி வந்தவன் மட்டக்களப்பு டவுன்காரப் பொடியன், நல்ல பணிவு. "மேடு பள்ளம்தான் அண்ணன் இவங்களுக்கு வேணும். இந்தப் பாதையில குலுக்கல் நல்லாக் கிடக்காம்" என்றான்.

எங்கள் வாசற்படிகள்தான் அவர்களுக்கு மேடு. நாங்கள் சமைத்த குசினிகள்தான் குலுக்கல். அவர்களுக்கு அது தெரியாது, நாங்களும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? வாரத்துக்கு ஒரு கூட்டம் வந்தது, பிறகு ஒவ்வொரு நாளும் வந்தது. அக்காவின் தட்டு சரிந்து கிடந்ததால் அதில் ஏறிப் பாய்வது அவர்களுக்குப் பெரிய விளையாட்டு. பாய்ந்து விழுந்து ஆரவாரம் செய்வார்கள். முள்ளு டயர் ஏற ஏற அத்தானின் தடம் தேய்ந்துகொண்டு வந்தது. அக்கா விரலை வைத்து வைத்துப் பார்ப்பாள். ஒரு நாள் முட்கொப்புகளை வெட்டி வந்து தட்டைச் சுற்றி அடைத்தாள்.

அது பிழையாகப் போனது. முள்ளுக்குப் பயந்து எல்லாச் சைக்கிளும் ஆற்றோரத்தால் வளைந்தன. கரை உடைந்தது. அடுத்த மாரியில் அந்த வளைவு ஆற்றோடு போக, பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் இருவர் சைக்கிளோடு சேற்றுக்குள் இறங்கி, ஒன்றுக்குக் கை முறிந்தது. திருத்தவும் வழியில்லை. கயிறு திரிக்கிற தும்பு ஆலைக்காரர் பொச்சுமட்டையை வீட்டுக்கு வீடு வந்து வாங்கத் தொடங்கியிருந்தார்கள். காற்றுக்கு மட்டை தருகிற காலம் முடிந்துவிட்டது. கை முறிந்த பிள்ளையின் தாய் என் கடைக்கு வந்து அக்காவைப் பற்றிச் சொல்லக்கூடாததெல்லாம் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் டவுன்காரப் பொடியன் ஒரு யோசனையோடு வந்தான். மீன்பிடிச் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டோம். ஹோட்டல்கள் சேர்ந்து ஒரு தரம் சிவப்புக் கிறவல் மண் போட்டுத் தரும், தண்ணீர் ஓடக் குழாய் வைக்கும். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு கியர் சைக்கிளும் பாதைக்கென்று ஒரு தொகை கட்டும். அதில் ஊராட்கள் இரண்டு பேர் வருடம் முழுக்கப் பாதையைப் பார்த்துக்கொள்ளலாம். ஓடுகிறவன் கொடுக்கட்டும் என்ற என் பழைய கணக்குத்தான், மட்டைக்குப் பதில் காசு. பாதை மட்டும் நேராகவும் மட்டமாகவும் இருக்கவேண்டும். கிறவலுக்குள் பெரிய துண்டுகள் கிடந்தால் மழைக்குக் கிளம்பிவிடுமாம்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா எழும்பினாள்.

"பாதையப் போடுங்க. புள்ளையள் விழுறதப் பாத்துட்டு நான் வேணாம் எண்டு சொல்லல்ல. அந்தத் துண்ட மட்டும் ஒண்டும் செய்யாதீங்க."

"உடைக்கமாட்டம் அம்மா" என்றான் பொடியன். "ஒரு கீறல் படாமக் கிளப்பி உங்கட வீட்டுல கொண்டந்து வச்சுத் தாறம்."

சபை முழுக்க நிம்மதிப் பெருமூச்சு. இதைவிட நல்ல முடிவு வேறென்ன? நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா "ஓம்" என்று சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

தட்டைக் கிளப்பிய காலை கிறவல் லொறி பெரிய வீதிப் பக்கம் வந்து நின்றது. இரும்பு அலவாங்கால் நெம்பி, கயிறு போட்டு, அலுங்காமல் தூக்கினோம். பார்த்துக்கொண்டு நின்றவர்களில் ஒரு கிழவர் மெதுவாக முன்னே வந்தார். தட்டு இருந்த பள்ளத்துக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு பச்சைச் சுவர்த் துண்டைக் கையால் தோண்டினார். "இது என்டது" என்றார். அவ்வளவுதான். பிறகு ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. பாதை நெடுக ஆட்கள் குந்தி இருந்து தோண்டத் தொடங்கினார்கள். பூப்போட்ட கல்லை ஒருத்தி மடியில் கட்டினாள். உடைந்த அம்மித் துண்டொன்றை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உன்னுடையதா என்னுடையதா என்று தெரியாமல், இருவரும் விடாமல் நின்றார்கள். கை முறிந்த பிள்ளையின் தாயும் தோண்டினாள். அந்தக் கருநீலச் சைக்கிள்களின் கரியரில் ஊரே தன் வீட்டைக் கட்டிக்கொண்டு வரிசையாகத் தள்ளிப் போனது. பொடியன் லொறிக்காரனை எஞ்சினை நிற்பாட்டச் சொல்லிவிட்டு, தலைச் சட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மத்தியானத்துக்குள் பாதை வெறும் மணலாகிவிட்டது.

தட்டை மாட்டு வண்டியில் ஏற்றி அக்காவின் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கடலுக்குப் பிறகு கட்டிக் கொடுத்த சின்ன வீடு. வாசலுக்கு முன்னால் மண்ணை வெட்டி மட்டமாகப் பதித்தோம். கழுவியபோது எனக்குத் தடம் தெரியவில்லை. முள்ளு டயர் தின்றுவிட்டது. அக்கா குனிந்து விரலால் தடவிக்கொண்டே போனாள். "இருக்கு, இருக்கு" என்றாள். நானும் இருக்கு என்றேன். தட்டைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொன்னாள். தடம் உள்ளுக்கு வருகிற மாதிரிக் கிடக்கவேண்டுமாம். கூடவந்த ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டு திருப்பி வைத்தார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். ஒரு பெரிய காரியத்தைச் செய்து முடித்த திருப்தி எனக்கு. "இனி உனக்குப் பயமில்ல அக்கா. ஒரு டயரும் இதுல ஏறாது" என்றேன்.

அக்கா தட்டின் ஓரத்தில் குந்தினாள்.

"பாதையில கிடந்தவரைக்கும் வாற வழியில நிக்கார் எண்டு கிடந்தன் தம்பி" என்றாள். "காலையில போய்க் கூட்டக்க, இன்னும் கொஞ்சத் தூரம்தான், மறுகா வந்துருவார் எண்டு சொல்லிச் சொல்லிக் கூட்டின. நீங்க கொண்டந்து வாசல்ல வச்சிட்டீங்க. இனி எனக்கு வாறத்துக்கு ஆள் இல்ல."

அப்போதுதான் அழுதாள். இத்தனை வருடமும் அழாத அழுகை. பக்கத்து வீடுகளில் இருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி அக்காவின் கொண்டையை அவிழ்த்துவிட்டாள், ஒருத்தி கட்டிப்பிடித்து ஒப்பாரி தொடங்கினாள். செத்த வீட்டில் செய்கிற மாதிரியே எல்லாம் நடந்தது. நான் வெளியே வந்து, பந்தலுக்குக் கம்பு கேட்க நடந்தேன்.